காதல் நாவல் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: கோத்தகிரித் தையல் கடையிலிருந்து

“கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்கன்னு முதல்லயே தெரியும். அப்புறம் எதுக்குங்கக்கா முந்நூறு பக்கம் படிக்கிறீங்க?”

என் கடையில் வேலை செய்கிற பெண் போன ஐப்பசியில் கேட்ட கேள்வி இது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. எங்காவது ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் கரண்ட் போய்விடும், மோட்டார் மிஷின் நின்றுவிடும். அந்த நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாவல் படிப்பது என் வழக்கம். அவள் கேட்டதும் கையில் இருந்த ரவிக்கையை உட்புறம் திருப்பிக் காட்டினேன். ரவிக்கை என்றால் இரண்டு கை, ஒரு கழுத்து, முன்னால் கொக்கி. இதில் புதிதாக என்ன வந்துவிடப்போகிறது? ஆனாலும் ஒருத்தி தைத்தது உடம்போடு ஒட்டி உட்காருகிறது, இன்னொருத்தி தைத்தது அக்குளில் பிடிக்கிறது. அந்த வித்தியாசமெல்லாம் உள்தையலில் இருக்கிறது. காதல் நாவலிலும் நான் பார்ப்பது அதைத்தான்.

அவள் இப்போது ஆறாவது நாவலில் இருக்கிறாள். அவளுக்கு அவ்வப்போது சொன்னதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். சமகாலக் காதல் நாவல்களைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ இனிமேல்தான் தொடங்கப் போகிறவர்களுக்கானது இது.

முதல் படி: எதைக் காதல் நாவல் என்கிறார்கள்

காதல் வருகிற கதையெல்லாம் இந்த வகையில் சேராது. அமெரிக்காவில் 1980-ல் தொடங்கப்பட்ட காதல் நாவல் எழுத்தாளர்கள் சங்கம் இரண்டு நிபந்தனைதான் வைத்தது. கதையின் நடுநாயகமாகக் காதல் இருக்க வேண்டும். முடிவு மனதுக்கு நிறைவாக, நம்பிக்கையோடு இருக்க வேண்டும். கடைசியில் நாயகன் செத்துப்போகிற கதை எவ்வளவு உயர்ந்ததாகவும் இருக்கலாம், ஆனால் ரொமான்ஸ் என்று சொல்லி அதைக் கையில் கொடுத்தால் வாசகருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆங்கில வாசகர்கள் இந்த முடிவை ‘ஹெச்.இ.ஏ.’ என்று சுருக்கிச் சொல்வார்கள். காலமெல்லாம் நன்றாக வாழ்ந்தார்கள் என்று பொருள். கல்யாணம் வரை போகாமல், இப்போதைக்கு நன்றாக இருக்கிறார்கள் என்று நின்றால் ‘ஹெச்.எஃப்.என்.’. சமகாலம் என்றால் நம் நாளில் நடக்கிற கதை: அலுவலகம், வீட்டு வாடகை, கைபேசி, வயதான அப்பா அம்மா.

முடிவு தெரிந்த பயணத்தில் என்ன சுகம் என்பதை மலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிற எல்லோருக்கும் அது ஊட்டிக்குத்தான் போகும் என்று தெரியும். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 மணி நேரம். கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் பிடித்து ஏறத் தொடங்கியதும் பெட்டியில் ஒருவரும் தூங்குவதில்லை. ஒவ்வொரு பாலத்துக்கும் ஜன்னல் பக்கம் சாய்கிறார்கள். அந்த ரயில் குன்னூரைக் கடந்து ஊட்டிக்கு வந்து சேர்ந்தது 1908-ல். லண்டனில் மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் தொடங்கியதும் அதே 1908-ல்தான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இருந்தாலும் எனக்கு அந்த ஆண்டு மறப்பதில்லை.

இரண்டாம் படி: உங்களுக்குப் பிடித்த துறையைக் கண்டுபிடியுங்கள்

எழுத்தாளர் பெயரை வைத்துத் தேட வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் ‘ட்ரோப்’ பார்த்துத் தேடுவதுதான் எளிது. பல கதைகளில் திரும்பத் திரும்ப வருகிற காதல் சூழ்நிலைக்குத்தான் அந்தப் பெயர். இந்தச் சொல்லைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. சங்கப் பாட்டில் ‘துறை’ என்று ஒன்று உண்டே, கிட்டத்தட்ட அதுதான். பகலில் சந்திக்கிற பகற்குறி, இரவில் சந்திக்கிற இரவுக்குறி, பெண்ணை வீட்டோடு அடைத்து வைக்கிற இற்செறிப்பு, காதலனோடு கிளம்பிப்போகிற உடன்போக்கு, பனைமடல் குதிரை ஏறிக் காதலை ஊரறியச் சொல்கிற மடலேறுதல். இரவில் வருகிற தலைவனுக்காகத் தலைவி விழித்திருப்பதை எத்தனையோ புலவர்கள் பாடியிருக்கிறார்கள். முன்னாலேயே ஒருவர் பாடிவிட்டாரே என்று யாரும் விட்டுவிடவில்லை. அதே இரவு, அதே கதவு. இந்த முறை காவல் நாய் குரைக்கிறதா, நிலா காட்டிக்கொடுக்கிறதா, அம்மா விழித்துக்கொள்கிறாளா என்பதில்தான் பாட்டு இருக்கிறது. மலையையும் மலை சார்ந்த இடத்தையும் குறிஞ்சி என்று சொல்லி, அதற்குக் கூடலை உரிப்பொருளாக, அதாவது அந்த நிலத்துக்கு உரிய காதல் நிலையாக, வைத்த மொழி நம்முடையது. ட்ரோப் நமக்குப் புதிதே இல்லை.

இப்போது அதிகம் வருகிற துறைகள் சிலவற்றைச் சொல்கிறேன். மோதலில் தொடங்குகிற காதல் ஒன்று. சாலி தோர்ன் எழுதி 2016-ல் வந்த ‘தி ஹேட்டிங் கேம்’ இதற்கு நல்ல நுழைவாயில். ஒரு பதிப்பக அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்கிற இரண்டு பேரின் கதை. அடுத்தது பொய்க் காதல்: வேறு ஏதோ காரணத்துக்காகக் காதலிப்பதுபோல் நடிக்கப்போய் மாட்டிக்கொள்வது. ஆலி ஹேசல்வுட்டின் ‘தி லவ் ஹைப்போதெசிஸ்’ (2021) ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இப்படி மாட்டிக்கொள்கிற கதை. அது முதலில் இணையத்தில் ரசிகக் கதையாக (வேறொரு படைப்பின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதுவது) வெளிவந்து பிறகு புத்தகமானது. இணையத் தொடர்களை எபி எபியாக, அதாவது அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து, அடுத்த யூடி (புதுப் பகுதி) எப்போது என்று காத்திருந்த தமிழ் வாசகிகளுக்கு அந்த நடை உடனே பழகிவிடும். எமிலி ஹென்றியின் ‘பீச் ரீட்’ (2020) அக்கம்பக்கத்து ஏரிக்கரை வீடுகளில் இருக்கிற இரண்டு எழுத்தாளர்களைப் பற்றியது. ஒருத்தி காதல் நாவல் எழுதுகிறவள், அவன் கனமான இலக்கியம் எழுதுகிறவன். ஒருவர் எழுதுகிற வகையை மற்றவர் எழுதிப் பார்ப்பது என்று பந்தயம் கட்டுகிறார்கள். காதல் நாவலைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறவர்களுக்கு நான் இந்தப் புத்தகத்தைத்தான் கொடுப்பேன்.

பிரிந்தவர்கள் பல வருடம் கழித்துச் சந்திப்பது, ஒரே வீட்டில் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வது, மெதுவாக, மிக மெதுவாகப் பற்றுகிற ‘ஸ்லோ பர்ன்’ என்று இன்னும் உண்டு. தமிழுக்கே உரியது, கல்யாணத்துக்குப் பிறகு வருகிற காதல். முகம் தெரியாமல் கட்டிக்கொண்டு, ஒரே வீட்டில் அந்நியர்களாக இருந்து, ஒருநாள் அவன் மறந்துபோன டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் வாசல் வரை ஓடுவது. கிளை நூலகத்தில் ரமணிசந்திரன் நாவல்களின் அட்டை நைந்திருப்பதைப் பாருங்கள். இந்தத் துறை எத்தனை கை மாறியிருக்கிறது என்று புரியும். தமிழில் தொடங்குகிறவர்கள் அந்த அலமாரியிலிருந்தே தொடங்கலாம்.

மூன்றாம் படி: அட்டையை நம்ப வேண்டாம்

இது சின்ன விஷயம், ஆனால் முக்கியம். சில வருடங்களாக ஆங்கிலக் காதல் நாவல்களுக்குப் பளிச்சென்ற நிறத்தில் கார்ட்டூன் படம் போட்டுத்தான் அட்டை வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் புத்தகம் மாதிரி இருக்கும். உள்ளே படுக்கையறைக் காட்சி முழு அத்தியாயத்துக்கு இருக்கலாம். ஹெலன் ஹோவாங்கின் ‘தி கிஸ் கோஷன்ட்’ (2018) அப்படிப்பட்டது. ஆட்டிசம் உள்ள நாயகியை அவ்வளவு மரியாதையோடு எழுதியிருக்கிறார், வயது வந்தவர்களுக்கு நான் மனதாரப் பரிந்துரைப்பேன். அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிவிடாதீர்கள். வாசகர்கள் இதற்கு ‘ஸ்பைஸ்’ என்று காரக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ‘க்ளோஸ்டு டோர்’ என்று போட்டிருந்தால் கதவு சாத்தியதும் காட்சி முடிந்துவிடும்; ‘ஓப்பன் டோர்’ என்றால் முடியாது. உங்களுக்கு எது சரிவரும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பக்கத்தில் உள்ளடக்க எச்சரிக்கை இருந்தால் அதையும் படித்துவிடுங்கள். அண்மையில் வீட்டில் துக்கம் நடந்தவர்களுக்கு அது பெரிய உதவி.

நான்காம் படி: முதல் அத்தியாயத்தைத் தடவிப் பாருங்கள்

துணி எடுக்கும்போது விரலால் தேய்த்துப் பார்க்கிறோம் இல்லையா, அப்படி. மின்னூல் படிக்கிற கிண்டிலில் மாதிரிப் பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கும், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதற்குள் நாவலின் தரம் தெரிந்துவிடும்.

எதைப் பார்ப்பது? நாயகன் ஆறடி உயரம், கூரிய மூக்கு, காந்தக் கண் என்று பத்து வரி போனால் எனக்கு ஆள் கண்ணில் வருவதில்லை. ‘மழையில் நனைந்துகொண்டே நின்றான். கையில் குடை இருந்தது. கம்பி ஒடிந்ததால் விரிக்கவில்லை. புதுசு வாங்கக் கூடாதா என்றால், இது அப்பாவோடது என்றான்.’ உதாரணத்துக்கு நானே எழுதியது இது. நான்கு வரியில் அவன் அப்பாவும் வந்துவிட்டார், அவன் பிடிவாதமும் வந்துவிட்டது. இவன் பின்னால் ஏதோ ஒரு நேரத்தில் அந்தக் குடையை விடத்தான் வேண்டியிருக்கும், அப்போது வலிக்கும் என்றும் தெரிந்துவிட்டது. இப்படி ஓர் இடமாவது முதல் அத்தியாயத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து, நாயகி என்ன வேலை செய்கிறாள்? ‘கம்பெனியில் வேலை’ என்று மட்டும் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இன்றைய நல்ல நாவல்களில் வேலை வெறும் பின்னணித் திரையாக இருப்பதில்லை. அவள் ஆராய்ச்சி செய்கிறாள் என்றால் நிதி கிடைக்காத கவலை இருக்கிறது, கடை வைத்திருக்கிறாள் என்றால் வாடகை பாக்கி இருக்கிறது. அந்தக் கவலையிலிருந்துதான் காதலுக்கு நேரமில்லாமல் போகிறது, காதல் தேவைப்படுவதும் அதனால்தான்.

அப்புறம் பேச்சு. இரண்டு பேரும் முதன்முதலில் பேசிக்கொள்கிற பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். யார் பேசுகிறார் என்ற குறிப்பை மறைத்துவிட்டாலும் இது அவள், இது அவன் என்று தெரிகிறதா? தெரிந்தால் வாங்குங்கள்.

ஆங்கிலம் ஓடுமா என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தமிழ் வழியில் படித்தவள். ஒரு ஹோம்ஸ்டேயில் யாரோ விட்டுப்போன பேப்பர்பேக்தான் எனக்கு முதல் ஆங்கில நாவல். காதல் நாவலில் பாதி உரையாடல் என்பதால் வேறு எந்த நாவலையும்விட இதில் ஆங்கிலம் சீக்கிரம் பிடிபடும். தெரியாத சொல் எல்லாவற்றுக்கும் அகராதி புரட்டாதீர்கள். ஒரே சொல் மூன்று முறை வந்தால் மட்டும் பாருங்கள், போதும்.

ஐந்தாம் படி: ஊடலைச் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். பெரும்பாலான காதல் நாவல்களில் நான்கில் மூன்று பங்கு முடிந்ததும் இருவரும் பிரிவார்கள். ஆங்கிலத்தில் ‘தேர்டு ஆக்ட் பிரேக்கப்’ என்கிறார்கள். நிறைய வாசகர்களுக்கு இப்போது இதன்மேல் சலிப்பு வந்துவிட்டது. சலிப்பு பிரிவால் வருவதில்லை, அது ஒட்டுப்போட்ட பிரிவாக இருப்பதால் வருகிறது. அவன் யாரோடோ பேசியதைத் தூரத்தில் பார்த்துவிட்டு இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். அது அவன் தங்கை என்று நாற்பது பக்கம் கழித்துத் தெரிகிறது. ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். வள்ளுவர் புலவியை, அதாவது ஊடலை, உப்புக்கு ஒப்பிட்டார். அளவோடு இருக்க வேண்டும், கொஞ்சம் நீண்டாலும் உப்புக் கரித்துப்போகும். காமத்துப்பாலைத் தலைவன் தலைவி கல்யாணத்தோடு முடிக்காமல் ‘ஊடலுவகை’ என்கிற அதிகாரத்தில் கொண்டுபோய் முடித்தவரும் அவரே. சண்டையை எழுதத் தெரிந்தவருக்குத்தான் காதலை எழுத வரும் என்று நான் நினைக்கிறேன்.

நல்ல ஊடலுக்கு விதை முதல் அத்தியாயத்திலேயே விழுந்திருக்கும். ரவிக்கையில் கழுத்துச் சுருங்கினால் புதுப்பெண்கள் கழுத்துப் பட்டியைப் பிரிப்பார்கள். பல நேரம் தப்பு அங்கே இருக்காது, தோள் கட்டிங்கில் இருக்கும். அதுபோல, 240-ஆம் பக்கத்தில் பிரிகிறார்கள் என்றால் 20-ஆம் பக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

இதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். மிஷினுக்குக் கீழே நூல் துணுக்கு எப்போதும் கிடக்கும். படிக்கும்போது நாயகனோ நாயகியோ எதையாவது மறைக்கிற இடத்தில், கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்கிற இடத்தில், ஒரு சிவப்பு நூலைப் பக்கத்தின் நடுவில் வைத்துவிடுவேன். அவர்கள் பிரிகிற இடத்தில் ஒரு கறுப்பு நூல். கறுப்பு நூல் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சிவப்பு நூல் இருக்கிற பக்கங்களை மட்டும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பேன். எல்லாச் சிவப்பும் சேர்ந்து அந்தக் கறுப்புக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தால் அது கைதேர்ந்த எழுத்து. சிவப்பே இல்லாமல் கறுப்பு வந்தால் எழுத்தாளர் பக்கத்தை நிரப்பியிருக்கிறார்.

என் கடைப் பெண்ணுக்கு இது முதல் நாவலில் பிடிபடவில்லை. மூன்றாவது நாவலில் ஒருநாள், ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். “அக்கா, அவ முதல் பக்கத்துலயே யார்கிட்டயும் உதவி கேக்க மாட்டேங்கறா பாருங்க. பஸ்ஸுல பெட்டியத் தூக்க ஒருத்தர் வந்தப்பகூட வேண்டாம்னுட்டா. இப்ப அவன் உதவி பண்ணிட்டான்னுதான் சண்டை!” அவள் கையில் சிவப்பு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று முழுக்க அந்தச் சந்தோஷம் போகவில்லை.

ஆறாம் படி: எப்போது மூடி வைப்பது

ஐம்பது பக்கம் வரை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அது சாதாரணம்.

இன்னொரு காரணத்துக்காகவும் மூடலாம், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘ஆன்டி ஹீரோ’ கதை என்று தமிழில் நிறைய எழுதுகிறார்கள். நாயகன் அவளை அறைகிறான், பூட்டி வைக்கிறான், அவள் சம்மதம் இல்லாமல் தொடுகிறான். இருபது அத்தியாயம் கழித்து ‘உன்மேல் இருந்த காதலால்தான்’ என்கிறான், அவள் அழுதுகொண்டே மன்னிக்கிறாள். என் பதினெட்டு வயதில் இப்படிப்பட்ட கதைகளை நானும் ஆசையாகப் படித்தேன். அடிக்கிறவன் மனதில் ஆழமான அன்பு இருக்கும் என்று அப்போது நம்பினேன். அந்த நம்பிக்கை ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் பிறகு அளவெடுக்க வருகிற பெண்களின் கையிலும் தோளிலும் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்திலும் பழைய காதல் நாவல்களில் இது இருந்தது, இன்றும் சில வகைகளில் இருக்கிறது. ஆனால் இப்போது வருகிற சமகால நாவல்களில் நல்லவற்றை எடுத்துப் பாருங்கள். ‘பரவாயில்லையா?’ என்று கேட்கிறவன்தான் நாயகன். அப்படிக் கேட்டும் கதையின் சூடு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. கோபக்கார நாயகன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவன் கோபத்துக்கு அவள் பயப்படுகிறாளா என்று மட்டும் பாருங்கள். பயந்தால் மூடி வையுங்கள்.

ஏழாம் படி: மலையில் புத்தகம் வாங்குவதும் காப்பதும்

ஊட்டியில் 1859-லிருந்து இருக்கிற நீலகிரி நூலகத்தில் உறுப்பினரானால் பழைய ஆங்கில நாவல்கள் கிடைக்கும், அந்த வாசிப்பு அறையில் ஒருமுறையாவது உட்கார வேண்டும். புதியவற்றுக்கு நான் நம்புவது மின்னூலை. மழைக்காலத்துக்கு முன்பே ஐந்தாறு மாதிரிகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டவர் போனாலும் கவலையில்லை. கிண்டில் கருவியை ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் நிற்கும், கரண்ட் இல்லாத இரவில் அதன் அருமை தெரியும்.

அச்சுப் புத்தகத்துக்கு இங்கே எதிரி பூஞ்சை. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போட வேண்டாம், ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள். நெருக்கி அடுக்காமல் காற்றுப் போக இடம் விடுங்கள். ஏற்கனவே வெள்ளைப் புள்ளி வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். தை, மாசியில் காலை உறைபனி விலகி நல்ல வெயில் வரும்போது, நேர் வெயிலில் போடாமல் திண்ணை நிழலில் பக்கங்களை விசிறிபோல் விரித்து நிற்க வைத்து, காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். மூக்கைக் கட்டிக்கொள்வது நல்லது.

படித்து முடித்த நாவலை யாருக்காவது கொடுக்கும்போது உள்ளே இருக்கிற சிவப்பு நூலையும் கறுப்பு நூலையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். வாங்கிப் படிக்கிறவர் தன் நூலைத் தானே வைக்கட்டும்.